நன்கொடைக்குப் பின் வரும் செலவு: படுவான்கரை வைத்தியசாலை ஒன்றின் நிலைபேறு குறித்த நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தில், படுவான்கரையில் உள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு இந்த ஆய்வை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அரச திணைக்களம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நோய்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு வைத்தியசாலைக்கு என்னென்ன வந்தன, வந்தவை எவ்வளவு காலம் பயன்பட்டன, பயன்படாமற் போனபோது பதிவேட்டில் என்ன காரணம் எழுதப்பட்டது, உண்மையான காரணம் எதுவாக இருந்தது என்பவற்றைச் சொல்ல என்னால் முடியும். வைத்தியசாலையின் பெயரையும் அங்கே பணியாற்றியவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கே கூறப்படும் தவறுகளில் ஒரு பங்கு எங்கள் குழுவினுடையது. மிகுதியை எந்தத் தனி ஒருவர் மேலும் சுமத்த இயலாது.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமிய வைத்தியசாலை தனக்குக் கிடைக்காத பொருட்களால் நலிவதைவிட, கிடைத்த பொருட்களைப் பேண வழியில்லாமல் நலிவதே அதிகம். கட்டடமும் கருவியும் ஒரு பையிலிருந்து வருகின்றன. அவற்றை ஓட்டும் செலவு வேறொரு பையிலிருந்து வரவேண்டியிருக்கிறது. முதலாவது பையைத் திறப்பவர்கள் இரண்டாவது பையில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பின்னணி

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 1951 ஆம் ஆண்டு முதல் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. 1971 இல் ஒரு சிறு கட்டணம் அறவிடப்பட்டு, 1977 இல் மீண்டும் நீக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13 ஆவது திருத்தத்தோடு சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குச் சென்றது. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழேயே இருந்தன. எனவே மட்டக்களப்பு நகரின் போதனா வைத்தியசாலைக்கு ஒரு நிர்வாகமும், வாவியைக் கடந்தால் உள்ள சிறிய வைத்தியசாலைகளுக்கு இன்னொரு நிர்வாகமும் என்ற நிலை ஏற்பட்டது. தெற்கே அம்பாறை மாவட்டம் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்திய சுகாதாரப் பணிமனைகளாகப் பிரிந்திருக்கிறது. நோயாளிக்கு இந்த எல்லைகள் தெரியா. அவர் எந்த வைத்தியசாலை கிட்டவோ அதற்குப் போகிறார்.

எங்கள் பகுதியின் வரலாற்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, முப்பது ஆண்டுப் போர், 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் கடற்கோள், 2007 இல் படுவான்கரை மக்கள் கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தமை, 2011 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழிவு வந்தது. ஒவ்வோர் அழிவின் பின்னும் உதவி வந்தது. கடற்கோளுக்குப் பின்னர் பணத்தின் பெரும்பகுதி கரையோரத்துக்கே சென்றது. இலங்கையிலேயே அதிக உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை என்பதால் அது நியாயமும்கூட. படுவான்கரைக்கு உதவி பெருமளவில் வந்தது போர் முடிந்த பின்னர்தான். அந்த உதவி ஏறக்குறைய முழுவதும் கட்டடமாகவும் கருவியாகவும் வாகனமாகவுமே வந்தது. அரச கணக்கில் இவற்றுக்கு மூலதனச் செலவினம் என்று பெயர். சம்பளம், மின்சாரம், எரிபொருள், இரசாயனப் பொருள், திருத்த வேலை ஆகியவை மீண்டுவரும் செலவினம். முன்னையதற்குத் திறப்பு விழா உண்டு. பின்னையதற்கு விழா எடுப்பவர் எவருமில்லை.

ஓடாமல் நின்ற இயந்திரம்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில், வெளிநாட்டு அமைப்பொன்றின் உதவியால் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஓர் இயந்திரம் கிடைத்தது. இரத்தத்திலுள்ள சீனி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் முதலியவற்றை அது தானாகவே அளந்து அச்சிட்டுத் தரும். அதுவரை இந்தப் பரிசோதனைகளுக்கு நோயாளிகள் நகரத்துக்குச் செல்லவேண்டும், அல்லது தனியார் ஆய்வுகூடத்துக்குப் பணம் கட்டவேண்டும். ஊரே மகிழ்ந்தது. மங்கள விளக்கேற்றி, நாடா வெட்டி, படம் பிடித்தார்கள். நன்றியுரை ஆற்றியவன் நானே.

இயந்திரம் மூன்று ஆண்டுகள்கூட ஓடவில்லை. பதிவேட்டில் எழுதப்பட்ட காரணம் ‘பழுது’ என்ற ஒரே சொல். ஆனால் இயந்திரம் பழுதாவதற்கு முன்பே அதன் சேவை நின்றுபோயிருந்தது. அந்த வகை இயந்திரத்துக்கு அதே நிறுவனம் தயாரிக்கும் இரசாயனப் பொருளை மட்டுமே பயன்படுத்தலாம். வேறெவருடைய பொருளையும் அது ஏற்காது. அந்தப் பொருள் கொழும்பிலுள்ள ஒரே முகவரிடம் இருந்தது. முதல் ஆண்டுக்குத் தேவையானதை நன்கொடையாளரே தந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் மாகாண நிதியிலிருந்து வாங்க முயன்றபோது, ஒரே ஒரு விற்பனையாளர் உள்ள பொருளுக்கு எப்படி விலைக் கேள்வி கோருவது என்ற கேள்வி எழுந்தது. கடிதங்கள் போய்வந்தன. பொருள் வந்து சேர்ந்தபோது அதன் காலாவதித் திகதிக்குச் சில மாதங்களே மீதமிருந்தன. குளிரில் வைக்கவேண்டிய பொருள் அது. அறையிலிருந்த குளிர்சாதனப் பெட்டியோ மின் வெட்டுக்கு முன்னால் ஒன்றும் செய்ய இயலாத சாதாரண வீட்டுப் பெட்டி. இதற்கிடையில் அந்த இயந்திரத்தில் பயிற்சி பெற்றிருந்த தொழில்நுட்பவியலாளருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவருக்குப் பின் வந்தவர் நல்ல உழைப்பாளி. ஆயினும் அந்த இயந்திரத்தை அவர் முன்பு கண்டதேயில்லை. கடைசியில் ஒரு மாரி காலத்து இடி மின்னலின் பின் மின்னழுத்தம் ஏறியிறங்கி, இயந்திரத்தின் ஒரு பகுதி எரிந்தது. அதைத்தான் பதிவேடு ‘பழுது’ என்று எழுதிவைத்தது.

கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில் என்னை இன்றும் வருத்தும் விடயம் வேறொன்று. பொருட்பட்டியல் புத்தகத்தில் அந்த இயந்திரத்துக்கு எதிரே ‘1’ என்று எழுதப்பட்டிருந்தது. அது ஓடிய நாளிலும் ‘1’, ஓடாமல் துணி போர்த்துக் கிடந்த நாளிலும் ‘1’. ஆண்டுதோறும் நடக்கும் பொருட் கணக்கெடுப்பில் அதை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் குறையொன்றும் எழுதப்படவில்லை. ஒரு பொருளுக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுளை நீட்டப் பணம் வேண்டும் என்ற எண்ணமே அந்தப் புத்தகத்தின் எந்த நிரலிலும் இடம்பெறவில்லை.

இத்தகைய கருவிகளின் சேவை ஒப்பந்தத்துக்கு ஆண்டொன்றுக்குக் கொள்வனவு விலையின் 5 முதல் 10 வீதம் வரை செலவாகும் என்பது பொதுவான மதிப்பீடு. பத்து ஆண்டு ஓடவேண்டிய கருவியென்றால், அதன் விலையின் அரைப்பங்கிலிருந்து முழுப்பங்கு வரையான தொகை பராமரிப்புக்கு மட்டுமே வேண்டும்; இரசாயனப் பொருள், மின்சாரம், ஆளுக்கான பயிற்சி இவை தனி. இந்தக் கணக்கை நன்றியுரைக்கு முன்னர் ஒருவர் எழுதிக் காட்டியிருந்தால், நாங்கள் இயந்திரத்தை மறுத்திருப்போம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேறு வகை இயந்திரத்தைக் கேட்டிருப்போம்: பல நிறுவனங்களின் இரசாயனப் பொருளை ஏற்கும், குறைவான பரிசோதனைகளைச் செய்யும், பிராந்தியத்தின் மற்ற வைத்தியசாலைகளிலும் உள்ள, ஆகவே திருத்துபவருக்கும் பழக்கமான ஒன்றை.

பின்னர் வந்த பொறுப்பு வைத்திய அதிகாரி அப்படித்தான் செய்தார். இருந்த சிறிய கருவியில் சீனியை மட்டும் எங்கள் ஆய்வுகூடத்திலேயே பார்க்க ஏற்பாடு செய்தார். மற்ற மாதிரிகளை வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், ஏற்கெனவே ஆதார வைத்தியசாலைக்குச் செல்லும் வாகனத்தில், குளிர்ப் பெட்டியில் அனுப்பினார். இங்கே ஒரு சிறு நுட்பம் இருக்கிறது. சாதாரணக் குழாயில் எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால், அதிலுள்ள உயிரணுக்கள் சீனியைத் தொடர்ந்து பயன்படுத்துவதால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை அளவு குறைந்துபோகும். காலையில் எடுத்து மதியம் பார்த்தால் நீரிழிவு உள்ளவருக்கும் அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றும். கிரியற்றினின் அப்படியல்ல, இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துக் குளிரில் வைத்தால் சில நாட்களுக்கு மாறாது. எதை ஊரிலேயே பார்க்கவேண்டும், எதை அனுப்பலாம் என்று பிரித்ததால், பெரிய இயந்திரம் தந்த பயனின் பெரும்பகுதி பணச்செலவு அதிகமின்றித் திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பின் எங்கள் குழு ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்தது. எந்த நன்கொடையாக இருந்தாலும் அதை ஏற்பதற்கு முன் அந்தத் தாள் நிரப்பப்படவேண்டும். இதை ஓட்டத் தேவையான பொருளை எத்தனை பேர் விற்கிறார்கள், மூன்றாம் ஆண்டில் அதற்கு யார் எந்தத் தலைப்பிலிருந்து பணம் தருவார், திருத்துபவர் எங்கிருந்து வருவார், நீரும் மின்சாரமும் எவ்வளவு வேண்டும், இதை இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போனால் மறுநாள் இயக்குபவர் யார் என்பவையே அதன் கேள்விகள். எளிய கேள்விகள்தாம். அவற்றைக் கேட்பதற்கு எங்களுக்கு ஓர் இயந்திரத்தின் விலை செலவாகியிருக்கிறது.

2022 இல் எது நின்றது

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதாக அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் மாத முடிவில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக வைக்கப்பட்டிருந்த பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாய் அளவுக்குச் சென்றது. நாட்டின் மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், அதன் விளைவு எங்கள் மருந்துக் களஞ்சியத்தின் அலுமாரித் தட்டுகளில் தெரிய அதிக நாள் செல்லவில்லை.

மின்பிறப்பாக்கியின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரின் விலை மாற்றத்தின்போது ஒரு லீற்றர் டீசலின் விலை 121 ரூபாய். 2022 ஜூன் மாத முடிவில் 460 ரூபாய். மணித்தியாலத்துக்கு நான்கு லீற்றர் குடிக்கும் ஒரு மின்பிறப்பாக்கி நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், முன்பு 3,872 ரூபாயில் முடிந்த ஒரு நாள் 14,720 ரூபாயாகிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட எரிபொருட் பணம் அப்படியே இருந்தது. பணம் இருந்த நாளில் டீசல் இல்லை என்பதும் உண்மை. எனவே எது எரியவேண்டும், எது அணையவேண்டும் என்று தீர்மானிக்கவேண்டி வந்தது. தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். அந்தப் பெட்டி முதலிடம் பெற்றது. அடுத்தது பிரசவ அறை. அலுவலகத்தின் குளிரூட்டி அந்த ஆண்டு முழுவதும் திறக்கப்படவில்லை.

இக்காலத்தில் தளராமல் நின்றவற்றை நான் குறித்துவைத்தேன். தாய் சேய் நல கிளினிக் ஒரு நாளும் தவறவில்லை. குடும்பநல உத்தியோகத்தர்கள் எரிபொருள் இல்லாதபோது துவிச்சக்கர வண்டியில் சென்றார்கள், வண்டி செல்லாத வயற்பாதையில் நடந்தார்கள். தடுப்பூசி அட்டவணை குலையவில்லை. நெல் விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்க விவசாயிகளுக்கு வாரமொருமுறை கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசைகளைப் பொது சுகாதாரப் பரிசோதகர்கள் கமக்காரர் அமைப்புகளின் மூலம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு அண்மையாக இந்த ஊர்மட்டச் சுகாதார அமைப்பு இந்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் தொடங்கப்பட்டது. அந்த வேலைக்குத் தேவை ஊரை அறிந்த ஓர் ஆள், ஒரு பதிவேடு, ஒரு குளிர்ப்பெட்டி. அதனால்தான் அது தளராமல் நின்றது. தளர்ந்தவை டொலரில் வாங்கும் பொருளையும் தடையில்லா மின்சாரத்தையும் நம்பியிருந்தவை.

மருந்துக் களஞ்சியத்தில் நடந்த மாற்றம் எங்களுடைய மருந்தாளரின் சாதனை. அதுவரை இருப்பு எண்ணிக்கையாகவே எழுதப்பட்டது: இந்தக் குளிசை இருபதினாயிரம், அந்தக் குளிசை ஆறாயிரம். அவர் அதை வாரங்களாக எழுதத் தொடங்கினார். இருபதினாயிரம் என்பது நிறையப்போலத் தோன்றும். ஆனால் மாதம் பன்னிரண்டாயிரம் செலவாகும் மருந்தென்றால் ஏழு வாரத்துக்குத்தான் போதும். கேட்ட மருந்து வந்துசேர இரண்டு மாதம் ஆகுமென்றால், அவசரத்துக்கு ஒரு மாத இருப்பையும் சேர்த்து, முப்பத்தாறாயிரமாகக் குறையும்போதே அடுத்த மருந்துக் கோரிக்கையை அனுப்பியிருக்கவேண்டும். ‘நிறைய இருக்கிறது’ என்று நினைத்த நாளிலேயே நாங்கள் பிந்திவிட்டிருந்தோம் என்பதை அந்தக் கணக்கு காட்டியது. அவர் அயலிலுள்ள வைத்தியசாலைகளின் மருந்தாளர்களோடு பேசி, எவரிடம் எது மிகையாக இருக்கிறது, எவரிடம் எது குறைவாக இருக்கிறது என்ற பட்டியலை மாதந்தோறும் பரிமாறிக்கொண்டார். பிராந்திய மருந்துக் களஞ்சியத்தின் அனுமதியோடு ஓரிடத்தில் காலாவதியாகவிருந்த மருந்து இன்னோரிடத்தில் பயன்பட்டது. இதற்கு எவரும் பணம் ஒதுக்கவில்லை. இதற்கென்று ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை.

பாலத்தின் பின் வந்த மாற்றம்

எங்கள் பகுதியின் பல ஊர்களுக்கு நகரம் தூரமாக இருந்ததற்குக் காரணம் வாவி. மண்முனையில் ‘பாதை’ என்று நாம் சொல்லும் இயந்திரப் படகு மக்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வந்த காலத்தில், இரவில் ஒரு நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோவது பெரும் பாடு. ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அதன் பின்னர், பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எங்களிடம் தங்கியிருந்தவர்கள் நேரே போதனா வைத்தியசாலைக்குச் செல்லத் தொடங்கினார்கள். பாலம் வந்ததைக் குறைசொல்ல யாராலும் முடியாது. அது உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் எங்கள் நோயாளர் விடுதிகளின் கட்டில்கள் வெறுமையாயின. அதே நேரத்தில் கிளினிக் நாட்களில் நிற்க இடமில்லாமற் போயிற்று. இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. எங்கள் கட்டடமோ மலேரியாவும் வயிற்றோட்டமும் ஆட்களைக் கட்டிலில் கிடத்திய காலத்துக்காகக் கட்டப்பட்டது. மலேரியா அற்ற நாடென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கட்டில்கள் அப்படியே இருந்தன.

கட்டில்களின் எண்ணிக்கை குறைந்தால் வைத்தியசாலையின் தரம் குறைக்கப்படும், ஆளணி குறையும் என்ற அச்சம் குழுவில் பலமாக இருந்தது. எனக்கும் இருந்தது. ஆகவே வெறுமையான விடுதியை வெறுமையாகவே காத்துவந்தோம். இது நாங்கள் செய்த இரண்டாவது பெரிய தவறு. பொறுப்பு வைத்திய அதிகாரி ஒருநாள் எங்களைக் காலை ஐந்து மணிக்கு வைத்தியசாலைக்கு வரச்சொன்னார். நீரிழிவுக் கிளினிக் நாள் அது. இருளிலேயே வயதானவர்கள் வெறும் வயிற்றோடு இலக்கம் எடுப்பதற்காக வந்து படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். யானை நடமாட்டமுள்ள எல்லைக் கிராமங்களிலிருந்து நான்கு மணிக்கே புறப்பட்டு, டோர்ச் வெளிச்சத்தில் நடந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். முதல் இலக்கம் கிடைத்தாலும் கடைசி இலக்கம் கிடைத்தாலும் மருந்து கையில் கிடைக்கும்போது மதியம் தாண்டிவிடும். அறுவடைக் காலத்தில் ஒரு நாட் கூலியை இழக்க முடியாதவர்கள் கிளினிக்குக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். சில மாதங்களின் பின் அவர்களை அம்புலன்சில்தான் கண்டோம்.

அந்தக் காலைப் பொழுதுக்குப் பின் வெறுமையான விடுதியின் ஒரு பகுதி கிளினிக் மண்டபமானது. நோயாளிகளின் கிளினிக் கொப்பிகளை ஊர்வாரியாகப் பிரித்து, தூரத்து ஊர்களுக்கு எட்டு மணி, கிட்டிய ஊர்களுக்குப் பத்து மணி என்று நேரம் குறிக்கப்பட்டது. அளவு நிலையாக இருந்தவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு மருந்து கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஓர் உதாரணத்துக்கு, கிளினிக்கில் நானூறு பேர் பதிந்திருந்து அவர்களில் இருநூற்று நாற்பது பேர் நிலையான அளவில் இருந்தால், மாதமொன்றில் வருபவர்களின் எண்ணிக்கை நானூறிலிருந்து இருநூற்று எண்பதாகக் குறையும். மீதமான நேரம் அளவு கட்டுப்படாதவர்களுக்குக் கிடைக்கும். மருந்துச் செலவு ஒரு ரூபாயும் கூடவில்லை, ஏனென்றால் குளிசை அதே குளிசை. ஆனால் களஞ்சியத்தில் கூடுதலான இருப்பு வேண்டும். மேலே சொன்ன வாரக் கணக்கு இல்லாமல் இதைச் செய்திருந்தால் முதல் மாதத்திலேயே மருந்து முடிந்திருக்கும். ஒரு சீர்திருத்தம் இன்னொன்றின் மேல் நிற்கிறது என்பதை நாங்கள் அப்போது அறிந்துகொண்டோம்.

எதிர்ப்பும் வந்தது. மாதந்தோறும் வைத்தியரைக் கண்டால்தான் மனநிறைவு என்று சில முதியவர்கள் வருந்தினார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை. இரண்டு மாத மருந்தை வாங்கிப்போய் அயலவருக்கும் பங்கிட்டவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர்தான் அதைக் கண்டுபிடித்து, அந்த அயலவர்களையும் கிளினிக்கில் பதியவைத்தார்.

தங்குவதற்கு ஓரிடம்

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் எந்த வைத்தியசாலையின் நிலைபேற்றையும் பேச முடியாது. எங்கள் வைத்தியசாலைக்கு நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர்களில் பெரும்பாலோர் அடுத்த இடமாற்றத்தில் சென்றுவிடுவார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, மேற்படிப்பு உண்டு. ஆனால் நல்ல வழிமுறை ஒவ்வொன்றும் ஓர் ஆளின் தலைக்குள் இருந்து, அந்த ஆளோடு பாலத்தைக் கடந்து போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதனால்தான் கிளினிக் நேர அட்டவணையையும் மாதிரி அனுப்பும் முறையையும் மருந்துக் கணக்கையும் எழுத்தில் வைத்து, புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே தாதியப் பொறுப்பாளர் விளக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தாதியரும் சிற்றூழியரும் பெரும்பாலும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். நிறுவனத்தின் நினைவு அவர்களிடமே இருக்கிறது.

2022 ஜூனில் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாட்டில் வேலை செய்ய அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் முடிவோடு ஓய்வு பெறும் வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் இளையவர்களில் சிலரும் மூத்தவர்களில் பலரும் எங்களை விட்டுப் போனார்கள். நீர்ப்பம்பி எந்தச் சத்தத்தில் ஓடினால் பழுதடையப் போகிறது என்று அறிந்திருந்த ஒரு சிற்றூழியர் அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக ஒருவரும் நியமிக்கப்படவில்லை. எழுதிவைக்கப்படாத அறிவு எவ்வளவு பெரிய சொத்து என்பது அடுத்த கோடையில் பம்பி எரிந்தபோது புரிந்தது.

வைத்தியர்கள் சீக்கிரமாகப் போய்விடுவதற்கு அவர்கள் எங்களிடம் சொன்ன காரணங்களில் முதன்மையானது சம்பளம் அல்ல, வீடு. உத்தியோகத்தர் விடுதியின் கூரை ஒழுகியது. கிணற்றுநீர் ஆவணி மாதத்தில் உவர்த்தது. இரவுக் கடமைக்குரியவர் நகரத்திலிருந்து வந்துபோகவேண்டியிருந்தால், மாரி வெள்ளம் வீதியை மூடும் நாட்களில் வைத்தியசாலையில் வைத்தியர் இருக்கமாட்டார். பாம்புக்கடியோடு ஒருவர் வருவது பெரும்பாலும் அத்தகைய இரவில்தான்.

கடைசியாக வந்த கேள்வி

சில காலத்துக்கு முன், ஐரோப்பாவில் வாழும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஒன்றுசேர்ந்து, வைத்தியசாலைக்கு இரண்டு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களை வாங்கித் தர முன்வந்தார்கள். சிறுநீரக நோயாளிகள் வாரத்தில் இரண்டு மூன்று முறை நகரத்துக்கு அலைவதை அவர்கள் நேரிலே கண்டிருந்தார்கள். அவர்களுடைய அன்பில் ஐயமில்லை.

நாங்கள் ஒரு பக்கத் தாளை எடுத்தோம். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் என்ற வேகத்தில் நான்கு மணித்தியாலம் ஓடும் ஒரு சுத்திகரிப்புக்கு 120 லீற்றர் தூய்மையாக்கப்பட்ட நீர் வேண்டும். இரண்டு இயந்திரங்கள் நாளொன்றுக்கு இருமுறை ஓடினால் 480 லீற்றர். அதைத் தயாரிக்கும்போது கழிந்துபோகும் நீரையும் சேர்த்தால் ஏறக்குறைய இருமடங்கு. இடையில் மின்சாரம் நின்றால் நோயாளியின் இரத்தம் குழாயில் இருக்கும். பயிற்சி பெற்ற தாதியர் குறைந்தது நால்வர் வேண்டும், மேற்பார்வைக்குச் சிறுநீரக வைத்திய நிபுணர் வேண்டும். ‘மூன்றாம் ஆண்டில் யார் பணம் தருவார்’ என்ற வரிக்கு எங்களால் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த வரியை வெறுமையாகவே விட்டு, தாளை அவர்களுக்கு அனுப்பினோம். அதோடு வேறு இரண்டு வேண்டுகோள்களையும் வைத்தோம். ஒன்று, உத்தியோகத்தர் விடுதியைத் திருத்தித் தருவது. மற்றது, சுத்திகரிப்புக்காகப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் எங்கள் ஊர் நோயாளிகளின் போக்குவரத்துச் செலவை ஏற்பது.

முதலில் அவர்கள் மனம் நொந்தார்கள். தருவதை வேண்டாமென்று சொல்லும் வைத்தியசாலை எங்கே இருக்கிறது என்று ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். நான் அவருக்கு ஆய்வுகூடத்தில் துணி போர்த்துக் கிடக்கும் இயந்திரத்தின் படத்தை அனுப்பினேன். பல வாரங்கள் பதிலில்லை. பின்னர் கடிதம் வந்தது. விடுதியின் கூரை வேலைக்கும் புதிய நீர்த்தாங்கிக்கும் பணம் தருவதாகவும், நோயாளிகளின் பயணச் செலவை மாதந்தோறும் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நாங்கள் கேளாத ஒன்றும் இருந்தது: விடுதியின் பராமரிப்புக்காக அடுத்த பத்து ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு ஜனவரி மாதமும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் இடுவதாக எல்லோரும் கையொப்பமிட்டிருந்தார்கள். கூரை போட்டாயிற்று. இந்த மாரியில் இரண்டு வைத்தியர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள்.